ஆய்வுக் கட்டுரையிலிருந்து கருத்துக் கட்டுரைக்கு: டர்பன் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்று ஆண்டு ‘நான்’ என்ற சொல்லைத் தொடாமல் எழுதிப் பழகியவரிடம் திடீரென்று ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்றால் கை ஓடாது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலோ ஹோவர்ட் கல்லூரி வளாகத்திலோ வரலாறு, சமூகவியல், சட்டம் என்று ஏதாவது படித்துவிட்டு, ‘போஸ்ட்’ வார இதழுக்கோ மாணவர் இதழுக்கோ தமிழ் இணைய இதழுக்கோ முதல் கருத்துக் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தடை அதிகம். ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று கற்றவருக்கு, கருத்துச் சொல்வது ஏதோ ஒழுக்கம் கெட்ட காரியம் போலத் தோன்றும்.

அந்த ஒழுக்கத்தை விட வேண்டியதில்லை. ஆதாரத்துக்கு உண்மையாக இருப்பது இரண்டு வகை எழுத்துக்கும் பொது. ஆய்வுக் கட்டுரையில் முடிவின் பாரத்தை ஆதாரத்தின் மேல் சாய்த்துவிட்டு நீங்கள் பின்னால் நின்றுகொள்ளலாம். கருத்துக் கட்டுரையில் முன்னால் வந்து, ‘இந்த ஆதாரத்தை வைத்து நான் இப்படி முடிவுசெய்கிறேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான்.

தேவையானவை: ஏற்கெனவே மதிப்பெண் வாங்கிய ஒரு பழைய கட்டுரை, அதன் ஆதாரக் குறிப்புகள், மூன்று நிறப் பேனா, நான்கைந்து மாலைப் பொழுது. புதிய பொருளில் தொடங்காதீர்கள். புதிய பொருள், புதிய வடிவம் இரண்டையும் ஒரே நேரத்தில் பழகப் பார்ப்பதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது

மூன்று இடங்களிலிருந்து வருகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, ‘இதைச் சொல்ல நான் யார்?’ என்ற கூச்சம். ‘தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் எதிர்காலம்’ பற்றி இருபத்தொரு வயதில் எழுத உங்களுக்குக் கூசினால், அந்தக் கூச்சம் சரிதான். எழுபது வயதிலும் அது எளிதான காரியமில்லை. பொருளைச் சுருக்குங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளிகளில் தமிழுக்கு இடம் உண்டா என்று ஒரு பருவம் முழுக்க ஆவணம் புரட்டியவர் நீங்கள். அந்த ஒரு விஷயத்தில் ஊரில் பலரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். உங்கள் தகுதி அந்த அளவுக்குத்தான், ஆனால் அந்த அளவுக்கு அது உறுதியானது.

இரண்டாவது, விரிவுரையாளர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம். கருத்துக் கட்டுரை என்று மேலே போட்டிருக்கும்வரை, அதை யாரும் ஆய்வறிக்கையின் அளவுகோலால் அளப்பதில்லை. இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரியது. கோயில் கமிட்டி அங்கிள், அம்மாவோடு வேலை செய்யும் ஆண்ட்டி, மாலை வகுப்பில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த டீச்சர் எல்லாரும் படிப்பார்கள். டர்பனில் ஒரு தமிழர் தன் சமூகத்தைப் பற்றி எழுதினால், படிப்பவர்களில் பலருக்கு அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இது கற்பனைப் பயம் இல்லை. இதற்கு நடைமுறை வழி ஒன்று: வெளியாவதற்கு முன்பே, பாதிக்கப்படக் கூடியவருக்கு நீங்களே சொல்லிவிடுவது. ‘ஆண்ட்டி, மாலை வகுப்பைப் பத்தி எழுதுறேன். பிள்ளைங்க குறைஞ்சதுக்கு டீச்சர்மாரைக் குத்தம் சொல்லல, நிர்வாகத்தைத்தான் சொல்லப்போறேன். உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க’ என்று ஒரு போன் போதும். அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். பல நேரம் அந்த ஒரு அழைப்பிலேயே உங்கள் கட்டுரையின் ஓட்டை ஒன்று வெளிப்பட்டுவிடும். மறுநாள் ஊரே பேசும்போது தெரிவதைவிட முதல்நாள் போனில் தெரிவது நல்லது.

கருத்துச் சொல்வது நமக்குப் புதிதில்லை

‘புலமை உள்ளவன் கருத்தைக் காட்டிக்கொள்ள மாட்டான்’ என்பது தமிழ் மரபில் வந்த எண்ணம் இல்லை. நன்னூல், ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்திலேயே எழுவகை மதத்தை வைக்கிறது. மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. பிறர் சொன்னதை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் கொள்கையைக் கொள்வது என்று ஏழு. இவற்றில் எதை எழுதப்போகிறோம் என்று முதலிலேயே குறித்துக்கொள்வது பயன் தரும்.

முதல் கட்டுரைக்கு ஐந்தாவது வகை, அதாவது இருவர் முரணில் ஒரு பக்கம் துணிவது, மிக எளிது. உங்கள் ஆய்வுக் கட்டுரையில் ‘ஒரு சாரார் இப்படிச் சொல்கிறார்கள், மறுசாரார் அப்படிச் சொல்கிறார்கள்’ என்று ஏற்கெனவே எழுதி வைத்திருப்பீர்கள். அங்கே நடுவில் நின்றீர்கள். இப்போது ஒரு பக்கம் நகர்ந்தால் போதும். ஏழாவது வகையை இரண்டு மூன்று கட்டுரை ஆன பிறகு முயன்று பாருங்கள்.

டர்பனிலும் இதற்கு வயதுண்டு. 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. 1908இல் பி. எஸ். ஐயர் ‘ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்’ இதழை ஆங்கிலத்திலும் தமிழிலும் தொடங்கி, ஒப்பந்தம் முடித்த தொழிலாளர் மீது விழுந்த மூன்று பவுன் வரியை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். அந்த வரி 1914இல் நீங்கியது. அதே வரியைக் கீழே ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

படி 1: பழைய கட்டுரைக்குள் ஒளிந்திருக்கும் கருத்தைத் தேடுங்கள்

நடுநிலையாக எழுதியதாக நீங்கள் நினைக்கும் கட்டுரையை அச்செடுத்து, சில சொற்களை மட்டும் வட்டமிடுங்கள்: ‘போதிய’, ‘வெறும்’, ‘மட்டுமே’, ‘இருப்பினும்’, ‘கவனிக்கத்தக்கது’, ‘துரதிர்ஷ்டவசமாக’. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ‘ஒன்லி’, ‘மியர்லி’, ‘ஆர்குவப்ளி’ வகையறா. ‘போதிய நிதி ஒதுக்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு போதும் என்று முடிவுசெய்தது யார்? நீங்கள்தான். அடிக்குறிப்பில் அதற்கு ஆதாரம் இருக்காது, தேடிப் பாருங்கள்.

கடைசிப் பத்தியையும் பாருங்கள். ‘இது குறித்து மேலும் ஆய்வு தேவை’ என்று முடித்திருந்தால், அதற்கு முந்தைய வாக்கியத்தில்தான் பெரும்பாலும் உண்மையான கருத்து புதைந்திருக்கும். சொல்ல வந்து, துணிவில்லாமல் மூடிவிட்ட இடம் அது.

வட்டமிட்டவை எல்லாம் ஒரே திசையில் சாய்கின்றனவா? பெரும்பாலும் சாயும். அந்தத் திசைதான் உங்கள் கட்டுரை.

படி 2: ஒரே வாக்கியம், அதில் ஒரு ஆள், ஒரு செயல், ஒரு காரணம்

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘இன்னார் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால்…’ என்ற வடிவம் போதும். அழகு பிறகு.

‘தென்னாப்பிரிக்காவில் தமிழ் பாதுகாக்கப்பட வேண்டும்’ என்பதை மறுக்க யாரும் எழுந்து வரமாட்டார்கள். அதனால் அது கருத்து ஆகாது, மேடை வாழ்த்து. நல்ல மனமும் அறிவும் உள்ள ஒருவர் ‘இல்லை, நான் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்ல இடம் இருக்க வேண்டும்.

‘அரசு தமிழுக்கு ஆவன செய்ய வேண்டும்’ என்பதிலும் ஓட்டை இருக்கிறது: எந்த அரசு, எந்த அலுவலகம், எந்த மேசை? இங்கேதான் உங்கள் ஆய்வு உதவும். 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி, ஒரு பொதுப் பள்ளியின் மொழிக் கொள்கையை வகுப்பது அந்தப் பள்ளியின் ஆளுகைக் குழு. 2024இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கொள்கைக்கு மாகாணக் கல்வித்துறைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். ஆளுகைக் குழு தன் சொந்த நிதியில் ஆசிரியரை நியமித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இத்தனையும் தெரிந்தால் உங்கள் வாக்கியம் இப்படி மாறும்:

‘சாட்ஸ்வொர்த் உயர்நிலைப் பள்ளிகளின் ஆளுகைக் குழுக்கள் பத்தாம் வகுப்பிலிருந்து தமிழை விருப்பப் பாடமாக வைக்க வேண்டும்; ஏனென்றால் கோயில் மாலை வகுப்பில் படிக்கும் தமிழ் எந்தப் பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு மெட்ரிக் சான்றிதழிலும் ஏறுவதில்லை.’

இதை ஒருவர் மறுக்கலாம். யார் செய்ய வேண்டும் என்பது தெளிவு. காரணம் வாசகர் சரிபார்க்கக் கூடியது. இந்த வாக்கியம் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

படி 3: மூன்று நிறம்

தயக்கத்துக்கு உண்மையான மருந்து இந்தப் படியில்தான் இருக்கிறது. கட்டுரையில் வரப்போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றில் ஒரு நிறத்தால் கோடிடுங்கள். தகவலுக்கு நீலம். தகவலிலிருந்து நீங்கள் ஊகிப்பதற்குப் பச்சை. உங்கள் தீர்ப்புக்குச் சிவப்பு.

‘அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது’ என்பது நீலம். குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது, ஜெர்மன், கிரேக்கம், போர்த்துகீசியம் ஆகியவையும் அதே வரிசையில் உள்ளன. ‘1984இல் இந்தியர்களுக்கான அரசுப் பள்ளிகளில் இந்திய மொழிகள் பாடமாயின’ என்பதும் நீலம். ‘அதற்குள் பல வீடுகளில் பெற்றோரே ஆங்கிலத்துக்கு மாறியிருந்ததால் பள்ளிப் பாடம் மட்டும் மொழியைத் தாங்க முடியவில்லை’ என்பது பச்சை. ‘ஆகவே இனியும் கோயில்களை மட்டும் நம்பியிருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது’ என்பது சிவப்பு.

தவறு நடப்பது பச்சையில். எழுதுகிறவர் பச்சையை நீலம் என்று நினைத்துக்கொள்வார். 6ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு ‘தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று’ என்றோ ‘பள்ளிகள் தமிழ் கற்பிக்கச் சட்டக் கடமை உண்டு’ என்றோ எழுதுகிறார்கள். இரண்டும் தவறு. அந்தப் பிரிவு பொறுப்பைத் தருவது பான்சால்ப் எனப்படும் மொழி வாரியத்துக்கு. பள்ளிகளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இப்படி ஒரு பிழை இருந்தால் போதும், எதிர்ப்பவர் உங்கள் கருத்தைத் தொடவே வேண்டாம். இதை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மூன்று நிறமும் கலந்த பத்தி இருந்தால் தவறில்லை. ஒரே வாக்கியத்துக்குள் கலந்தால்தான் ஆபத்து.

இனி மூன்று பவுன் வரி. ‘மனிதாபிமானமற்ற, கொடூரமான வரி’ என்று எழுதலாம். சிவப்பு மட்டும், வாசகர் தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுவார். கணக்கை வைத்துப் பாருங்கள். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பவுனுக்கு 20 ஷில்லிங் வீதம் மூன்று பவுன் 60 ஷில்லிங். ‘வரி என்பது ஆறு மாதச் சம்பளம்’ என்று எழுதக் கை துடிக்கும்.

கொஞ்சம் நிறுத்துங்கள். வரி விழுந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்தவர்கள் மேல். சம்பளம் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகியிருக்கும். முதலாண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விவரம் தெரிந்த ஒரே ஒரு வாசகர் உங்களைக் கவிழ்த்துவிடுவார். ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தை வைத்தால் நான்கு மாதத்துக்கு மேல் வருகிறது. ‘ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் வாங்கிய சம்பளத்தில் நான்கு மாதத்துக்கும் அதிகம், மனைவி இருந்தால் அவருக்கும் தனியாக அதே தொகை’ என்று எழுதுங்கள். எண் சிறிதானது, வாக்கியம் உறுதியானது. ‘கொடூரம்’ என்ற சொல்லை இனி நீங்கள் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு எண் கையில் இருந்தால் எதிராளியும் ஒப்புக்கொள்ளும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வுப் பயிற்சி உங்களுக்குத் தந்த பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான். கருத்துக் கட்டுரைக்கு வரும்போது இதை வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

படி 4: வெட்டுவது

3000 சொல் ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில் 700–800 சொல்லாகச் சுருங்க வேண்டும். அதுதான் பத்திரிகைகள் வழக்கமாகக் கேட்கும் அளவு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் 500–550 சொல்லில் அடங்கும். ஆங்கில அளவை அப்படியே தமிழுக்கு வைத்துக்கொண்டு 800 சொல் எழுதினால் கட்டுரை இழுக்கும்.

முழுசாகப் போக வேண்டியவை: முன்னாய்வுகள் பகுதி, ஆய்வுமுறை, வரையறைகள், கோட்பாட்டாளர் பெயர்கள். முன்னாய்வுகள் அத்தனையும் ஒரே வாக்கியமாகலாம்; ஆகாமலே போனாலும் இழப்பில்லை. மிஞ்ச வேண்டியவை: ஒரு எண், ஒரு சட்டப் பிரிவு அல்லது ஆவணம், ஒரு மனித முகம்.

மனித முகம் உங்கள் நேர்காணலிலிருந்து வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஆய்வுக்காக என்று சம்மதக் கையெழுத்து வாங்கி எடுத்த பேட்டி அது. அந்தச் சம்மதம் பத்திரிகைக்குச் செல்லாது. பெயரை மாற்றினாலும் செல்லாது. மெரீபேங்கில் இன்ன தெருவில் தமிழ் சொல்லித்தரும் எண்பது வயதுப் பாட்டி என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும். அவரிடம் திரும்பப் போய்ப் புதிதாகக் கேளுங்கள்.

தமிழில் எழுதுவதாக இருந்தால் சுமாரான பங்கீடு இப்படி. தொடக்கம் 50–60 சொல். மையக் கருத்து நூறாவது சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். பின்னணி 80 சொல்லைத் தாண்டக் கூடாது. காரணங்கள் இரண்டு போதும், ஒவ்வொன்றுக்கும் 100–120. எதிர்வாதத்துக்கும் பதிலுக்கும் சேர்த்து 100. கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 50. மூன்றாவது காரணம் இருந்தால் அது பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்றின் மறுபெயராக இருக்கும்.

தொடக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதைப் பற்றி எழுதினாலும் 1860 நவம்பர் 16இல் டர்பன் வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் ஏறித் தொடங்குவது இங்கே ஒரு தீராத பழக்கம். மாலை வகுப்பு நேரத்தை மாற்றச் சொல்லும் கட்டுரைக்கு அந்தக் கப்பல் வேண்டாம். இந்த வாரம், இந்த மாதம் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: ஒரு பள்ளியின் பாடத்தேர்வுப் படிவம், ஆளுகைக் குழுத் தேர்தல் அறிவிப்பு, மூடப்பட்ட ஒரு வகுப்பு.

படி 5: வாக்கியத்தைத் திருத்துவது

தமிழ் ஆய்வு நடையில் ஊறியவர்களுக்கு நான்கு சுமைகள் உண்டு: ‘காணப்படுகிறது’, ‘எனலாம்’, ‘கருதப்படுகிறது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’. இவற்றைத் தேடி அழியுங்கள். செயப்பாட்டு வினை வரும் இடமெல்லாம் ‘யார்?’ என்று கேளுங்கள்.

‘தமிழ் வகுப்புகள் நிறுத்தப்பட்டுள்ளன.’ யார் நிறுத்தினார்கள்? தெரியுமென்றால் எழுதுங்கள். தெரியாதென்றால் கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ‘யார் முடிவு இது என்று பள்ளி சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். அதுவே ஒரு தகவல்.

ஐயச் சொற்களை எல்லாம் தூக்கிவிடச் சொல்லவில்லை. நிஜமாகவே உறுதியில்லாத இடத்தில் ஒரு ‘இருக்கலாம்’ நேர்மை. உறுதியான இடத்தில் ‘இருக்கலாம்’ போடுவது பயம். ஒரு வாக்கியத்தில் இரண்டு ஐயச் சொல் வந்தால் ஒன்று கட்டாயம் பயம்தான்: ‘ஓரளவுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று கருதலாம்’.

இதற்கு நேர் எதிரான விபத்து ஒன்றும் உண்டு. ‘இனி நடுநிலை வேண்டாம்’ என்றதும் சிலர் நேராகப் பட்டிமன்ற மேடைக்கு ஏறிவிடுகிறார்கள். ‘இது நியாயமா? இதைக் கேட்பார் இல்லையா? நம் முன்னோர் சிந்திய வியர்வை வீணா?’ என்று கேள்வி மேல் கேள்வி, அடுக்குத் தொடர், கடைசியில் ஒரு குறள். மேடையில் கைதட்டல் வாங்கும் இதே வரிகள் தாளில் சத்தமாகக் கேட்கும். கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும், அதற்கும் நீங்களே அடுத்த வரியில் பதில் சொல்ல வேண்டும். குறள் ஆதாரம் ஆகாது. வள்ளுவர் ஆளுகைக் குழுவில் இல்லை.

‘நான்’ எத்தனை முறை? ஒன்று அல்லது இரண்டு. ‘நான் நினைக்கிறேன்’ தேவையில்லை. மேலே உங்கள் பெயர் இருக்கிறது. ‘நான்’ வர வேண்டிய இடம் இரண்டு: நேரில் கண்டதைச் சொல்லும்போது, உங்கள் சொந்த நலன் கலந்திருப்பதைச் சொல்லும்போது. உங்கள் அம்மா மாலை வகுப்பில் கற்பிக்கிறார் என்றால், முதல் பாதிக்குள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் முழுக் கட்டுரையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

‘நம் சமூகம்’ என்று எழுதும்போதும் கவனம் வேண்டும். தமிழரா, தெலுங்கர் உள்ளிட்ட தென்னிந்திய வம்சாவளியா, இந்தியர் அனைவருமா, மாகாண மக்கள் எல்லாருமா? ஒரே கட்டுரையில் இந்த ‘நாம்’ மூன்று முறை அளவு மாறுவதைக் காணலாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள்.

படி 6: எதிராளிக்கு நல்ல வக்கீல் வையுங்கள்

எதிர்வாதத்தை, எதிராளி படித்துவிட்டு ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று கையெழுத்துப் போடும் அளவுக்கு எழுத வேண்டும். நம் உதாரணத்தில் எதிராளி தமிழ் விரோதி இல்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு நல்ல தலைமையாசிரியர். அவர் சொல்வது: ‘இந்த மாகாணத்தில் பெரும்பான்மையோரின் வீட்டுமொழி ஸூலு. நம் பிள்ளைகள் வேலைக்குப் போனால் அந்த மொழிதான் உதவும். அதற்கே ஆசிரியர் போதவில்லை. தமிழ் கேட்டு வருகிறவர்கள் ஒரு வகுப்பறைக்குக்கூடத் தேறமாட்டார்கள். மெட்ரிக்கில் ஏழு பாடம். அதில் விருப்பப் பாடம் மூன்றே. தமிழை எடுக்கும் பிள்ளை கணக்கியலையோ புவியியலையோ விட வேண்டும்.’

இதில் எது உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஸூலுவின் முக்கியத்துவம் உண்மை. விருப்பப் பாடம் ஒன்று போவதும் உண்மை. அதை மறைத்தால் பெற்றோர் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த இடத்தில் வேறுபடுகிறீர்கள்? தமிழ் விருப்பப் பாட இடத்தில் வந்தால் ஸூலுவின் இடத்தைப் பிடிக்காது. மாணவர் எண்ணிக்கை குறைவு என்றால், ஒரு பள்ளி தனியாகச் செய்யாமல் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதில் எழுதும்போது உங்கள் மையக் கருத்தே கொஞ்சம் மாறினால் நல்லதுதான்: ‘பள்ளிகள் தமிழை வைக்க வேண்டும்’ என்பது ‘பள்ளிகள் சேர்ந்து வைக்க வேண்டும்’ என்றாகிறது. திரும்பிப் போய்ப் படி 2இல் எழுதிய வாக்கியத்தைத் திருத்துங்கள்.

எதிர்வாதத்துக்குப் பதிலே இல்லை என்று தெரிந்தால், அந்தக் கட்டுரையை அனுப்பாதீர்கள். இப்படி நிற்பது தோல்வி இல்லை. ஆய்வில் கருதுகோள் பொய்த்துப்போவது போன்றதுதான்.

படி 7: அடிக்குறிப்பு எங்கே போகும்

வாக்கியத்துக்குள். ‘1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி’, ‘மாகாணக் கல்வித்துறை இந்த ஆண்டு வெளியிட்ட சுற்றறிக்கையில்’ என்று யார், எப்போது இரண்டும் அந்த வரியிலேயே வந்துவிட்டால் போதும். பக்க எண் வேண்டாம்.

ஆனால் அடிக்குறிப்புகளைத் தூக்கி எறியாதீர்கள். தனியாக ஒரு கோப்பு வைத்து, கட்டுரையில் நீலம் பூசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே மூலம், பக்கம், பார்த்த தேதி எழுதுங்கள். இதழாசிரியர் போன் செய்து ‘இது எங்கிருந்து?’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் அனுப்ப முடிய வேண்டும். எவ்வளவு எழுதித் தேர்ந்தவர்களானாலும் இந்தக் கோப்பு இல்லாமல் அனுப்புகிறவர்கள் ஒருநாள் மாட்டிக்கொள்வார்கள்.

படி 8: சட்டம் எங்கே கோடு போடுகிறது

தென்னாப்பிரிக்காவில் கருத்துக்குப் பாதுகாப்பு தாராளம். பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைப்படி, மிகைப்படுத்திய, ஒருதலையான விமர்சனத்துக்குக்கூட இடமுண்டு. நிபந்தனைகள்: பொதுநலன் சார்ந்த விஷயமாக இருக்க வேண்டும், தீய நோக்கம் கூடாது, உண்மையான அல்லது பெரும்பாலும் உண்மையான தகவல்களைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும், படிப்பவருக்கு அது கருத்து என்று தெளிவாகத் தெரிய வேண்டும். அவதூறு வழக்குகளிலும் இதே போக்குதான். 2011இல் ‘சிட்டிசன்’ நாளிதழ் மீதான மக்பிரைட் அவதூறு வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், கருத்து எல்லாருக்கும் நியாயமாகத் தோன்ற வேண்டியதில்லை, உண்மையான தகவல் மேல் நேர்மையாகக் கொண்ட கருத்தாக இருந்தால் பாதுகாப்பு உண்டு என்ற நிலையை எடுத்தது. மூன்று நிறப் பயிற்சி எதற்கு என்பது இப்போது இன்னும் தெளிவாகியிருக்கும்: சிவப்பைக் காப்பாற்றுவது நீலம்தான்.

பாதுகாப்பு இல்லாத இடமும் உண்டு. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கருத்துரிமையைத் தரும்போதே, போர்ப் பிரசாரத்தையும், உடனடி வன்முறைக்குத் தூண்டுவதையும், இனம், பாலினம், மதம் சார்ந்த வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டுவதையும் அந்த உரிமைக்கு வெளியே நிறுத்துகிறது. இங்கே இனங்களுக்கிடையில் உள்ள புண் ஆறவில்லை. ‘அவர்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்று ஒரு இனத்தையே குறிக்கும் வாக்கியம் எழுத வரும்போது கையை நிறுத்துங்கள். அது ஆதாரமில்லாத பச்சை.

ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதாக இருந்தால், அனுப்பும் முன் அவரிடம் பதில் கேளுங்கள். இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள். முடிந்தவரை ஆளை விட்டு முடிவைத் தாக்குங்கள். ‘தலைவர் பணத்தைச் சுருட்டிவிட்டார்’ என்பது நிரூபிக்க வேண்டிய தகவல். ‘மூன்று ஆண்டாகக் கமிட்டி கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கவில்லை’ என்பதை நிரூபித்தாலே உங்கள் கட்டுரைக்குப் போதும்.

அனுப்பும்போதும் அனுப்பிய பிறகும்

ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். மின்னஞ்சலில் மூன்று வரி: என்ன சொல்கிறது, ஏன் இப்போது, நீங்கள் யார். கட்டுரையை இணைப்பாக மட்டும் வைக்காமல் அஞ்சலின் உள்ளேயும் ஒட்டுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டிவிட்டு வேறு இதழைப் பாருங்கள். தலைப்பை ஆசிரியர் மாற்றுவார், நீங்கள் வைத்ததைவிடக் காரமாகவே இருக்கும். தலைப்பில் தகவல் பிழை இருந்தால் மட்டும் எதிர்த்துப் பேசுங்கள்.

வெளியான அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடப்பதற்கெல்லாம் பதில் எழுதாதீர்கள். தகவல் தவறு என்று யாராவது காட்டினால் கோப்பைத் திறந்து பாருங்கள்; அவர் சொல்வது சரியென்றால் அன்றே ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் போடச் சொல்லுங்கள். கருத்து பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். நேரில் பேச விரும்பினால் பேசுங்கள்.

அடுத்த பருவத்தில் அதே பொருளில் மறுபடி ஆய்வுக் கட்டுரை எழுத நேர்ந்தால், வெளியான கருத்துக் கட்டுரையின் பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். எழுத்துத் திருட்டைக் கண்டறியும் ‘டர்னிட்டின்’ மென்பொருள், இணையத்தில் வந்ததைப் பிடித்துவிடும். தன் எழுத்தானாலும் மேற்கோள் காட்டாமல் பயன்படுத்தினால் விளக்கம் கேட்பார்கள். உங்கள் கட்டுரையை நீங்களே ஓர் ஆதாரமாக, தேதியோடும் இதழ்ப் பெயரோடும் குறிப்பிடலாம்.